நான்காவது அம்புக்குறி

மேசைமீது கனத்த புத்தகமொன்று கிடக்கின்றது. விரல் நுனியால் மெல்லத் தள்ளினால் அது அசைவதில்லை. சற்று வலிந்து தள்ளினால் நகருகின்றது. விரலை எடுத்ததும் நின்றுவிடுகின்றது. பௌதிகம் பயிலும் மாணவன் இப்புத்தகத்தின்மீது தாக்கும் விசைகளை நான்கு அம்புக்குறிகளால் வரைந்து காட்டுவான். புவி கீழ்நோக்கி இழுக்கும் நிறை ஒன்று. மேசை மேல்நோக்கித் தாங்கும் மறுதாக்கம் மற்றொன்று. விரலின் தள்ளல் மூன்றாவது. அத்தள்ளலுக்கு எதிராகப் புத்தகத்துக்கும் மேசைக்கும் இடையே தோன்றும் உராய்வு நான்காவது. அரை நிமிடத்தில் முடியும் படம் இது. ஆயினும் அந்த நான்காவது அம்புக்குறியைச் சரிவர வரைவதற்கு மனித குலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன.

உராய்வை விளங்கிக்கொள்ளுமுன்னரே அதனைக் குறைக்கும் வழியை மக்கள் அறிந்திருந்தனர். எகிப்து தேசத்திலே ஜெகுதிகோத்தெப் என்னும் ஆளுநரின் கல்லறைச் சுவரில், ஏறக்குறைய கி. மு. 1900 ஆம் ஆண்டளவில் ஒரு காட்சி தீட்டப்பட்டது. பெருஞ் சிலையொன்று சறுக்குமரத்தில் ஏற்றப்பட்டிருக்க, நான்கு வரிசையாக 172 ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கின்றனர். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் சறுக்குமரத்தின் முன்னே நீர் போன்றதொன்றை ஊற்றுகின்றான். அது வெறுஞ் சடங்கென்று கருதினோரும் உளர். 2014 ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஈரமணலிற் சோதனை செய்து, அளவாக நீர் சேர்ந்தால் இழுக்கவேண்டிய விசை ஏறக்குறைய பாதியாகக் குறையுமெனக் காட்டினர். நீர் மிகினுங் குறையினும் அப்பயன் கிட்டாது. கல்லறை ஓவியத்தில் நீர் ஊற்றியவன் கைப்பழக்கத்தால் அந்த அளவை அறிந்திருந்தான் போலும்.

தொழிலாளி கையால் அறிந்ததைக் கருத்தாற் பற்ற முயன்றோருள் அரிஸ்தோத்தில் முதன்மையானவர். அசையும் பொருள் அசைவிப்பது உள்ளவரையே அசையும் என்பது அவர் கொள்கை. பள்ளி நூல்கள் இதனைப் பிழையென்று ஒரே வரியிற் கழித்துவிடுகின்றன. அது நியாயமன்று. மேசைமீதுள்ள புத்தகமும் மாட்டு வண்டியும் நாள்தோறும் அவர் கட்சிக்கே சாட்சி சொல்கின்றன. மேலும், கப்பலொன்றைப் பலர் கூடி ஒரு தூரம் இழுத்தால், அவர்களுள் ஒருவன் தனித்து நின்று அதன் ஒரு சிறு பங்கு தூரமாவது இழுப்பான் என்று கொள்ளவியலாது. அவன் கப்பலைச் சற்றேனும் அசைக்காமலே இருக்கக்கூடும் என அவர் எழுதினார். விரலுக்கு அசையாத புத்தகமும் அதுவே. உண்மையைக் கண்டார், ஆனால் எதிர்த்து நிற்கும் விசையொன்று அங்கே உண்டென்பதைக் காணவில்லை. எங்கும் நிறைந்திருந்தமையாலேயே உராய்வு கண்ணுக்குத் தப்பியது. அது இயக்கத்தின் இயல்பாகவே எண்ணப்பட்டது.

உராய்வைத் தனிப் பொருளாக எடுத்து அளந்த முதல்வர் இத்தாலியரான லியனார்டோ டா வின்சி. 1493 ஆம் ஆண்டு தொடக்கம் அவருடைய குறிப்பேடுகளில், கட்டைகளைக் கயிறு கட்டிக் கப்பியின்மேல் எடை தொங்கவிட்டு இழுக்கும் படங்கள் காணப்படுகின்றன. ஒரே கட்டையை அகன்ற பக்கத்திற் கிடத்தினாலும் ஒடுங்கிய பக்கத்தில் நிறுத்தினாலும் உராய்வு மாறுவதில்லை. கட்டையின் நிறை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். இவ்விரு முடிவுகளையும் அவர் எழுதி வைத்தார், அச்சிடவில்லை. அவர் ஏடுகளுட் சில மட்றிட் நகர நூலகத்திற் கவனிப்பாரின்றிக் கிடந்து 1960களிலேதான் வெளிப்பட்டன. ஆகவே பின்வந்தோர் எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தேடவேண்டியதாயிற்று.

இடையில் வேறொரு பாதை திறந்தது. கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலில், சாய்ந்த மரப்பலகையில் வெட்டிய கால்வாயினூடே வெண்கலக் குண்டை உருட்டிய சோதனையை விவரித்தார். கால்வாயை இழைத்து மெருகிட்டு, அதன்மேல் மெல்லிய தோலை ஒட்டி, குண்டையும் வழவழப்பாக்கினார். உராய்வை இயன்றவரை விலக்கியபின் எஞ்சும் இயக்கம் யாதென்று காண்பதே அவர் நோக்கம். 1687 இல் நியூற்றன் அதனை விதியாக்கினார்: புறவிசை தாக்காதவரை ஓடும் பொருள் ஒரே சீராக நேர்கோட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். இவ்விதி பிறந்ததும் வினா தலைகீழாயிற்று. புத்தகம் ஏன் ஓடுகிறது என்பதன்று. விரலை எடுத்தபின் ஏன் நிற்கிறது என்பதே வினா. உராய்வு ஒரு விசை என்ற தகுதியைப் பெற்றது அப்போதுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1699 இல், பாரிஸ் நகரின் அரச விஞ்ஞானக் கழகத்தில் அமொந்தோன் என்பவர் தம் சோதனைகளை எடுத்துரைத்தார். இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர் அவர். செம்பு, இரும்பு, ஈயம், மரம் ஆகியவற்றைப் பன்றிக்கொழுப்புப் பூசி ஒன்றன்மேலொன்று இழுத்து, அழுத்தும் சுமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே உராய்வு என்றார். இதனைச் சபையோர் ஏற்றிருப்பர். தொடும் பரப்பு பெரிதாயினுஞ் சிறிதாயினும் உராய்வு ஒன்றே என்று அவர் கூறியதுதான் வியப்பையும் ஐயத்தையும் விளைத்தது. கூடுதலாகத் தொட்டால் கூடுதலாகப் பற்றும் என்பதன்றோ பொதுப்புத்தி! டி லா ஈர் என்னும் கழக உறுப்பினர் மரத்தையும் சலவைக்கல்லையும் கொண்டு தாமே சோதித்துப் பார்த்தார். அமொந்தோன் கூற்றே மெய்யாயிற்று. செங்கல்லொன்றைக் கயிற்றாற் கட்டிப் பலகைமேற் கிடத்தியும் நிறுத்தியும் இழுத்துப் பார்க்கும் நேயர்களும் அதனையே காண்பர். உண்மை நிலைபெற்றது, காரணம் மட்டும் விளங்கவில்லை.

உராய்வு ஏட்டுச் சிக்கலாக மட்டும் இருக்கவில்லை. கட்டி முடித்த கப்பல் கொழுப்புப் பூசிய சாய்தளத்தில் வழுக்கிக் கடலில் இறங்கவேண்டும். சாய்வு குறைந்தால் கப்பல் பாதிவழியிற் சிக்கும். மிகுந்தால் கட்டுக்கடங்காது பாயும். எனவே பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் கடற்படைக்குப் பயன்படும் வகையில் உராய்வையும் கயிறுகளின் விறைப்பையும் ஆராய்வோர்க்குப் பரிசொன்றை அறிவித்தது. முதன்முறை தக்க விடை கிட்டவில்லை, மீண்டும் அறிவித்தது. 1781 இல் அதனை வென்றவர் கூலோம் என்னும் இராணுவப் பொறியியலாளர். மாட்டினீக் தீவிற் கோட்டை கட்டி, உடல்நலங் கெட்டுத் தாயகம் மீண்டவர் அவர். ரோஷ்போர் துறைமுகக் கப்பல் தளத்திலே பெருஞ் சுமைகளை ஏற்றி, மரமும் உலோகமும், உலர்ந்தும் நெய்பூசியும், மெல்லவும் விரைவாகவும் இழுத்து அளந்தார். மரத்தின்மேல் மரம் சிறிது நேரம் ஓய்ந்திருந்தால் அதனைப் பெயர்க்க வேண்டிய விசை வளருகின்றது என்பதைக் கண்டார். நெடுநாள் தளத்தில் அமர்ந்திருந்து இறங்கும் கப்பலுக்கு இது சிறிய செய்தியன்று. ஓய்விலுள்ள பொருளின் உராய்வு வேறு, ஓடும் பொருளின் உராய்வு வேறு என்று ஒயிலர் முன்னரே பிரித்துக் காட்டியிருந்தார். கூலோம் அதற்கு எண்களைக் கொடுத்தார்.

பரப்பின் புதிர் விடுபட 20 ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. கேம்பிறிட்ஜில் பவுடன், தேபர் ஆகிய இருவரும் 1939 இல், இரு பொருள்கள் மெய்யாகத் தொடும் இடம் மிக மிகச் சிறிதென்று காட்டினர. எத்துணை மெருகிட்ட தளமும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. மேட்டு நுனிகளே ஒன்றையொன்று தொடுகின்றன. சுமை கூடினால் நுனிகள் நசுங்கி மெய்த்தொடுகை கூடும். கிடத்திய செங்கல் பல இடங்களில் இலேசாக அழுத்துகின்றது. நிறுத்திய செங்கல் சில இடங்களில் வலிதாக அழுத்துகின்றது. மெய்யாகத் தொடும் மொத்தப் பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அமொந்தோன் அன்று சொல்ல முடியாமற்போன காரணம் இதுவே.

இவ்வளவு அறிந்த பின்னரும், புதிய பொருளொன்றின் உராய்வுக் குணகத்தை வேண்டும் பொறியியலாளர் அதனை வெறுங் கணக்கினால் நம்பிப் பெறுவதில்லை. பொருளைப் பலகைமேல் வைத்து இழுத்தோ, பலகையை மெல்லச் சாய்த்து அது வழுக்கத் தொடங்கும் கோணத்தைக் குறித்தோ, அளந்தே பெறுகின்றனர்.