அம்மா காலில் விழுந்த குழி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சின்ன வயதில் நானும் தங்கையும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துவோம். குழி விழும். அது மேடேறும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். யார் போட்ட குழி அதிக நேரம் நிற்கிறதோ அவர் ஜெயித்தவர். அம்மாவும் சிரித்துக்கொண்டே காலைக் கொடுப்பார்.

ராத்திரியில் அவர் படுக்க மாட்டார். படுத்தால் மூச்சு முட்டும் என்று நெல் மூட்டையில் சாய்ந்தபடியே தூங்குவார். "இழுப்பு" என்றார்கள், "கால்ல நீர் வச்சிருக்கு" என்றார்கள். காட்டிய இடத்தில் டானிக் கொடுத்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, 1978-ல் போய்விட்டார்.

ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. இறைக்கும் திறன் குறைந்துபோவது. வடிகால் சரியாக இழுக்காவிட்டால் நம் வயலில் நீர் தேங்குகிறதே, அதுபோல் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்கும். வெகுகாலம் அந்த வீக்கத்தையே நோய் என்று நினைத்தார்கள். 1775-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், கிராமத்து மூதாட்டி ஒருவரின் கைமருந்திலிருந்து ஒரு செடியைக் கண்டுபிடித்து, நீர் வடிய வைத்தார். அதே இனத்துச் செடி ஒன்றிலிருந்து வந்ததுதான் டிஜாக்சின் மாத்திரை. அவரும் முக்கியமாக வீக்கத்துக்கான மருந்தாகவே அதைப் பார்த்தார். 1816-ல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு அதை மரத்தில் செய்தார். படத்தில் பார்த்தால் நம் அடுப்பு ஊதுகுழல் மாதிரியே இருக்கும்!

அடுப்பு என்றதும்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் எஸ். பத்மாவதி 1917-ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942-ல் ஜப்பான் படையெடுப்பின்போது தாய், சகோதரிகளோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் இதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். அங்கே வந்த பெண்கள் பலருக்கு மூச்சிரைப்பு, கால் வீக்கம். ஆண்களுக்கு வந்தால் பீடி, சிகரெட் என்று காரணம் சொல்லலாம். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் புகைத்ததே இல்லை. விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்தவர்கள். புகை நுரையீரலைக் கெடுக்கிறது, கெட்ட நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துவிடுகிறது. 127 நோயாளிகளைப் பற்றிய அவரது கட்டுரை அமெரிக்க மருத்துவ இதழில் 1959-ல் வெளிவந்தது.

நான் பிறந்த வருஷமும் 1959. அம்மா அப்போது கூரைவீட்டில், சவுக்கு மிளாறு எரித்துச் சமைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்து ஈர விறகின் புகை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவருக்கு வந்தது இதே நோய்தானா என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பத்மாவதி அம்மையார் 103 வயது வாழ்ந்து 2020-ல் கொரோனாவில் மறைந்தார்.

இப்போது எக்கோ இருக்கிறது. 1953-ல் ஸ்வீடனில், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு விரிசல் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி இதயத்தைப் பார்த்ததில் தொடங்கியது அது. பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு.

போன மாதம் தங்கைக்குக் கால் வீங்கியது. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. அன்றே சிதம்பரம் அழைத்துப்போய் எக்கோ எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது, பிரஷர் மாத்திரையால் வந்த வீக்கம் என்றார் டாக்டர். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் வடிந்துவிட்டது.