மகாதேவன், ராஜன்

நினைவாற்றல் வல்லுநர், உளவியலாளர். 1957இல் சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்தார். 1981 ஜூலை 5 அன்று ‘பை’ மதிப்பின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். 1987இல் ஜப்பானியரான ஹிதேயாகி தோமோயோரி 40,000 இலக்கங்கள் சொல்லி அதை முறியடித்தார்.

ஒரே முறை கேட்ட எண்வரிசையில் ஏறத்தாழ 7 இலக்கங்களையே பெரும்பாலோரால் திருப்பிச் சொல்ல முடியும். இந்தக் குறுகியகால நினைவின் எல்லையை 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் விளக்கினார். ராஜன் இதைவிடப் பல மடங்கு நீண்ட வரிசைகளைச் சொன்னார். கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் தாம்சன் குழு அவரை ஆராய்ந்து, 1993இல் நூலாக வெளியிட்டது. இத்திறனின் அடிப்படை இயல்பாக அமைந்தது என்பது அக்குழுவின் கருத்து.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் இக்கருத்தை மறுத்தார். எரிக்சன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்கு ராஜனும் இணையாசிரியர். எண்களுக்குப் பதில் பழக்கமில்லாத குறியீடுகளைக் காட்டியபோது, அவர் நினைவு மற்றவர்களின் அளவுக்கே இறங்கியது. எண்களை அவர் தொகுதிகளாக்கி, பொருள் ஏற்றி வைத்திருந்தார். எடுத்துக்காட்டாக, 111 என்ற எண் அவருக்குக் கடற்படைத் தளபதி நெல்சனைக் குறித்தது. இர்விங் பீடர்மன் குழுவின் 1992 ஆய்வில், பொருள்களின் இருப்பிடத்தை நினைவுகொள்வதில் அவர் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார். அவரது திறன் எல்லாவற்றுக்கும் பொதுவான நினைவாற்றல் அன்று, எண்களில் பெற்ற நெடும்பயிற்சியில் விளைந்தது என்ற கருத்துக்கு இம்முடிவுகள் வலுச்சேர்க்கின்றன.