நடவு நேரத்தில் ஃப்ளூ காய்ச்சல்: விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் ஆண்டுக்கு இரண்டு முறை தலைதூக்குகிறது. ஒன்று ஜனவரி முதல் மார்ச் வரை; மற்றொன்று பருவமழையை ஒட்டி. பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் முதலாவது நவரை நடவோடும், இரண்டாவது சம்பா பருவத்தோடும் சேர்ந்து வருகிறது. நடவுக் குழுவில் ஒருவருக்கு வந்தால், ஒரே வாரத்தில் பாதிப் பேர் படுத்துவிடலாம். ஆள் வருவதற்குள் நாற்று முதிர்ந்து, தூர் கட்டுவது குறையும். ஆகவே இது உடல்நலப் பிரச்சினை மட்டுமல்ல, மகசூல் பிரச்சினையும்கூட.

2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸ் இன்று பருவகாலக் காய்ச்சலாக நம்மிடையே தங்கிவிட்டது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது, தமிழக அரசு மார்ச் 10 அன்று 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது.

எப்படிப் பரவுகிறது?

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகள் வழியாகப் பரவுகிறது. அவை பட்ட பொருளைத் தொட்ட கையால் மூக்கையோ கண்ணையோ தொட்டாலும் தொற்றும். கிருமி உடலில் புகுந்து 1 முதல் 4 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயாளி மற்றவருக்குப் பரப்புவார். வந்தபின் 5 முதல் 7 நாட்கள் வரை பரப்பக்கூடும்.

வயலிலும் வண்டியிலும்

• காய்ச்சல், இருமல் உள்ளவரை வேலைக்கு அழைக்க வேண்டாம். காய்ச்சல் மாத்திரை போடாமலேயே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வரலாம்.
• திறந்த வயலைவிட, ஆட்களை நெருக்கி ஏற்றி வரும் ஷேர் ஆட்டோவிலும் வேனிலும்தான் ஆபத்து அதிகம். வண்டியில் முகக்கவசம் அணியுங்கள். பக்கத் திரையைத் திறந்து வையுங்கள்.
• ஒரே சொம்பில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்க வேண்டாம். அவரவர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.
• வரப்போரம் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் வையுங்கள். சோப்பு, வைரஸின் கொழுப்புப் போர்வையைக் கரைத்துவிடும். சாப்பிடும் முன் 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். வாய்க்கால் நீரில் அலசுவது போதாது.
• துண்டைப் பகிர வேண்டாம். இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடுங்கள்.

வீட்டில்

நோயாளியைக் காற்றோட்டமான இடத்தில் தனியே படுக்க வையுங்கள். கஞ்சி, மோர், இளநீர் அடிக்கடி கொடுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களை அருகில் விட வேண்டாம். இவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. போட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகே பாதுகாப்பு கிடைக்கும்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். அது வைரஸைக் கொல்லாது. ஓசல்டாமிவிர் மருந்தை மருத்துவர் ஆலோசனையில் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களும், காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூ அல்ல

இருமல், தொண்டை வலி இல்லாமல், சேற்றில் வேலை செய்த சில நாட்களில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் சிகிச்சை உடனே தேவை. வயல் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கோழி, வாத்து, பன்றி வளர்ப்போருக்கு

2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழா மாவட்டத்தில் வாத்துகளை எச்5என்1 பறவைக் காய்ச்சல் தாக்கியது. வேடந்தாங்கலுக்கும் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் நாமும் விழிப்பாக இருக்க வேண்டும்.

• கோழிகளையும் வாத்துகளையும் காட்டுப் பறவைகள் இறங்கும் ஏரிக்கரையில் மேயவிட வேண்டாம்.
• பறவைகள் திடீரென அடுத்தடுத்து இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், விற்காதீர்கள், ஏரியில் வீசாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.
• முட்டை, இறைச்சியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.
• உங்களுக்குக் காய்ச்சல் என்றால் பன்றிக் கொட்டகைக்கு வேறொருவரை அனுப்புங்கள். எச்1என்1 மனிதரிடமிருந்து பன்றிக்கும் பரவும்.

உடனே மருத்துவமனைக்கு

மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடு அல்லது நகம் நீலமாதல், அதிக மயக்கம், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 108க்கு அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, கால்நடை அவசர உதவிக்கு 1962. இந்த மூன்று எண்களையும் இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். நடவுக் குழுவினருக்கும் சொல்லுங்கள்.