நூலோதலும் தூய வாழ்வும்

நூல் பயில்வதால் அறிவு வளரும் என்பதை எவரும் ஒப்புவர். நூல் பயில்வதால் உள்ளம் தூய்மை அடையுமா என்னும் வினாவிற்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. இவ்வினாவைத் தம் வாழ்க்கையிலேயே வைத்து ஆராய்ந்து பார்த்த ஒரு சிறு கூட்டத்தார் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்து நாட்டில் தோன்றினர். இஸ்ஸல் ஆற்றங்கரையில் உள்ள டெவன்டர் என்னும் வணிக நகரமே அவர்களுடைய தொடக்க இடம். 'பொதுவாழ்வுச் சகோதரர்' என்று வரலாறு அவர்களைக் குறிக்கின்றது. அவர்கள் சென்ற வழியை இங்குச் சிறிது நோக்குவோம்.

அக்காலத்து ஐரோப்பாவின் நிலையை முதலில் உணர்தல் வேண்டும். 1347 முதல் பரவிய கொள்ளைநோய் மக்கள் தொகையில் பெரும் பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. 1378-இல் ரோமாபுரியில் ஒருவரும் அவிஞோன் நகரில் ஒருவருமாக இரு பாப்பரசர்கள் ஆட்சி செலுத்தத் தொடங்கினர். 1417 வரை அப்பிளவு நீங்கவில்லை. வேதநூலும் வழிபாட்டு நூல்களும் பெரும்பாலும் லத்தீன் மொழியிலேயே வழங்கின. தூய வாழ்வை நாடுவோர் மடத்திற் சேர்ந்து துறவு பூணுதல் வேண்டும் என்பதே பொதுவான எண்ணமாயிருந்தது. நெசவாளியும் சிறு வணிகனும் ஞானநூல்களைத் தாமே கற்று உயரலாம் என்று சொல்லத் துணிந்தோர் மிகச் சிலரே.

அச்சிலருள் முதல்வராக நாம் கருதத்தக்கவர் கெரார்ட் குரோட்டே. அவர் 1340-இல் டெவன்டரில் செல்வக் குடியிற் பிறந்தார். பத்து வயதளவில் பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1358-இல் பட்டம் பெற்றார். கல்வியும் பொருளும் நிரம்பப் பெற்று, ஆலய மானியங்களின் வருவாயில் இனிதே வாழ்ந்தார். 1374-இல் அவ்வாழ்வு திசை திரும்பிற்று. தம் வீட்டில் ஒரு சிறு பகுதியை நிறுத்திக்கொண்டு, எஞ்சியதை இறைவனை நாடும் ஏழைப் பெண்களுக்கு ஈந்தார். மானியங்களைத் துறந்தார். கார்த்தூசியத் துறவிகளின் மடமொன்றில் தங்கித் தனிமையில் நூல்களை ஓதினார். பின்னர்த் தியாக்கோன் பட்டம் மட்டும் பெற்று, குருப்பட்டத்திற்குத் தாம் தகுதியற்றவர் எனக் கருதி அதனை விலக்கி, ஊர்தோறும் சென்று மக்கள் மொழியிற் போதித்தார்.

குருமாரின் ஒழுக்கக் கேட்டை 1383-இல் உத்ரெக்ட் நகரில் அவர் வன்மையாகக் கண்டித்தார். அதன்பின் அவருடைய போதிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. பாப்பரசருக்கு முறையீடு அனுப்பினார். மறுமொழி வருமுன்னரே, கொள்ளைநோயுற்ற நண்பர் ஒருவரைப் பேணச் சென்று, 1384 ஆகஸ்டு 20-ஆம் நாள் தாமும் அந்நோய்க்கு இரையானார். வாய் அடைக்கப்பட்டிருந்த அவ்விறுதிக் காலத்திலும் அவர் வாளா இருந்தாரல்லர். நாளின் வெவ்வேறு வேளைகளில் ஓதும் வேண்டுதல் நூலை டச்சு மொழியில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படிகள் நூற்றுக்கணக்கில் இன்றும் கிடைக்கின்றன. போதிக்கத் தடை பெற்றவரின் நூல், அவர் குரல் எட்டாத இல்லங்களிலெல்லாம் புகுந்துவிட்டது.

குரோட்டேயின் மாணாக்கரான புளோரன்ஸ் ராடவைன்ஸ் என்பவரின் இல்லத்தில் சகோதரர் கூட்டம் உருவாயிற்று. அவர்கள் துறவு விரதம் பூண்டவரல்லர். விரும்பினால் விலகிச் செல்லலாம். பிச்சை ஏற்பதில்லை. ஈட்டிய பொருளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துண்டனர். அவர்கள் மேற்கொண்ட தொழில் நூல்களைப் படியெடுத்தல். அச்சுக்கலை தோன்றாத காலமாதலின், ஒவ்வொரு நூலும் கையால் எழுதப்பட வேண்டியிருந்தது. கூலிக்கு எழுதியதும் உண்டு. தம் இல்லத்து நூலகத்திற்கென எழுதியதும் உண்டு. பெண்களின் இல்லங்கள் ஆண்களின் இல்லங்களினும் தொகையில் மிக்கன. அங்கே நூற்றலும் நெய்தலும் தொழிலாக இருந்தன. மறைந்த சகோதரிகளின் வாழ்க்கையை எழுதி வைத்துப் படிக்கும் வழக்கமும் நிலவிற்று.

இவர்கள் நூலோதிய முறை நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. விரைந்து படித்து முடிப்பதை அவர்கள் விரும்பவில்லை. உண்டதை மீண்டும் அசைபோடும் பசுவைப்போல, படித்த ஒரு சிறு பகுதியை வேலையினூடே மீண்டும் மீண்டும் நினைத்தல் வேண்டும் என்பர். உண்ணும் வேளையில் ஒருவர் படிக்க, ஏனையோர் கேட்டனர். மரணம், இறுதித் தீர்ப்பு, விண்ணரசு, கிறிஸ்துவின் பாடுகள் போன்ற பொருள்களைக் கிழமையின் நாள்களுக்குப் பகுத்துவைத்துச் சிந்தித்தனர். ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் நகரத்தாரும் பள்ளி மாணவரும் இல்லத்திற்கு வந்து, மக்கள் மொழியில் வேதப் பகுதிகள் படிக்கப்படுவதைக் கேட்டு, அவற்றைக் குறித்து உரையாடிச் சென்றனர்.

இவற்றினும் சிறப்புடையது 'ராப்பியாரியம்' என்னும் குறிப்பேடு. தமக்குத் தைத்த தொடர்களைத் தாளிலோ தோலிலோ எழுதிச் சேர்த்துக்கொள்வது சகோதரரின் பழக்கம். பெரியோர் நூலிலிருந்து எடுத்த ஒரு வரியும், தன் குறையைச் சுட்டும் ஒரு குறிப்பும், நாளை செய்யவேண்டியது பற்றிய உறுதியும் அதில் அருகருகே இருக்கும். பிறருக்குக் காட்டும் நோக்கம் அதில் இல்லை. தான் சினங்கொண்ட நாளிலும் சோர்ந்த நாளிலும் எடுத்துப் பார்ப்பதற்கென்றே அவ்வேடு எழுதப்பட்டது.

இம்முயற்சி எதிர்ப்பின்றி வளரவில்லை. விரதமின்றிக் கூடி வாழ்வது தகுமோ, கல்லாத மக்கள் தாய்மொழியில் சமய நூல்களைப் படிப்பது தகுமோ என்று ஐயுற்றோர் பலர். சகோதரருள் ஒருவரும் டெவன்டர் இல்லத்து நூலகக் காப்பாளருமான கெரார்ட் செர்போல்ட் இதற்கு விடையெழுதினார். எளிய மக்களுக்கு விளங்கும் நூல்களை அவர்தம் மொழியில் அவர்கள் படிப்பது முறையே என்று வாதிட்ட அவர், நுண்ணிய தத்துவ நூல்கள் அவர்களுக்கு ஏற்றன அல்ல என்று எல்லையும் வகுத்தார். 1398-இல், முப்பதை ஒட்டிய வயதிலேயே, அவர் மறைந்தார். பின்னர் மத்தேயு கிராபோ என்னும் துறவி, விரதமற்ற இப்பொது வாழ்வைக் கண்டித்து எழுதிய வழக்கு கான்ஸ்டன்ஸ் நகரப் பொதுச்சங்கத்தின் முன் சென்றது. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் பேரறிஞர் ஜெர்சன் முதலியோர் கிராபோவின் கூற்றை மறுத்தனர். சகோதரரின் வாழ்வு அழியாது நின்றது.

இக்கூட்டத்தின் நிழலில் வளர்ந்தவரே தாமஸ் கெம்பிஸ். கெம்பன் என்னும் ஊரில் 1380-ஐ ஒட்டிப் பிறந்த அவர், சிறுவராக டெவன்டருக்கு வந்து ராடவைன்ஸின் ஆதரவிற் கல்வி கற்றார். 1399-இல் ஸ்வொல்லே நகரை அடுத்த புனித அக்னேஸ் மலை மடத்தில் சேர்ந்து, 1471-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். பைபிள் முழுவதையும் தம் கையால் ஐந்து தொகுதிகளாகப் படியெடுத்தார். 'கிறிஸ்துவைப் பின்பற்றல்' என்னும் நான்கு பகுதிகளையுடைய நூல் அவர் பெயரால் உலகெங்கும் பரவியுள்ளது. 1441-இல் அவர் எழுதி முடித்த படி பிரஸ்ஸல்ஸ் நகரத்து அரச நூலகத்தில் உள்ளது. குறிப்பேட்டுத் தொடர்களை ஒழுங்குபெற அடுக்கியது போன்ற அமைப்பு அந்நூலிற் காணப்படுகின்றது. சொன்னவரின் பெயரினும் சொன்ன பொருளே கருதத்தக்கது என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. அதற்கேற்ப அந்நூலும் முதலில் ஆசிரியர் பெயரின்றியே பரவிற்று. ஆசிரியர் யார் என்னும் வழக்கு சில நூற்றாண்டுகள் நீடித்தது.

இவர்களிடம் குறைகள் இல்லையெனல் பொருந்தாது. செருக்கை அஞ்சிய அவர்கள் சிலவேளை கல்வியையே ஐயுற்றனர். சிறுவயதில் டெவன்டரிற் பயின்ற பேரறிஞர் எராஸ்மஸ், பிற்காலத்தில் சகோதரரின் கண்டிப்பான பயிற்சி இளைஞரின் ஊக்கத்தைக் குன்றச் செய்கின்றது என்று குறை கூறினார். அச்சுக்கலை பரவியபோது படியெடுக்கும் தொழில் நலிந்தது. 1470-களில் ராஸ்டாக், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் சகோதரரே அச்சகம் நடத்தினர். பதினாறாம் நூற்றாண்டின் சமயக் கிளர்ச்சிகளுக்குப் பின் அவர்களுடைய இல்லங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இல்லங்கள் மறைந்தும் அவர்கள் ஓதிய முறை மறையவில்லை. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கெம்பிஸின் நூலைப் பெரிதும் போற்றினார். சீர்திருத்தச் சபையினரான ஜான் வெஸ்லி 1735-இல் அதன் ஆங்கிலப் பதிப்பொன்றை வெளியிட்டார். நம் நாட்டிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. இளந்துறவியாயிருந்த சுவாமி விவேகானந்தர் 1889-இல் அந்நூலின் ஆறு இயல்களை 'ஈசானுசரண்' என்னும் பெயரால் வங்க மொழியிற் பெயர்த்து, ஒரு திங்களிதழில் முன்னுரையுடன் வெளியிட்டார். இந்து சமய நூல்களில் ஒத்த கருத்துள்ள இடங்களை அடிக்குறிப்பாகவும் காட்டினார். நாடெங்கும் சுற்றித் திரிந்த ஆண்டுகளில் பகவத்கீதையுடன் அவர் உடன்கொண்டு சென்ற நூல் அதுவே.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு டெவன்டர் சகோதரர் அளித்த விடை எளியது. எத்தனை நூல் படித்தோம் என்று அவர்கள் கணக்கிடவில்லை. நேற்றுப் படித்த ஒரு வரியால் இன்று நாவை அடக்கினோமா, உடன் உறையும் ஒருவரின் குறையைப் பொறுத்தோமா, நோயுற்றவர் பக்கத்தில் அமர்ந்தோமா என்றே ஆராய்ந்தனர். கொள்ளைநோயுற்ற நண்பரிடம் குரோட்டே சென்றதை அவர் ஓதிய நூல்களின் பயன் என்றே அவர்தம் மாணாக்கர் கொண்டிருப்பர். நூல்கள் மலிந்த இந்நாளில், ஒரு பக்கத்தை மெல்லப் படித்து, ஒரு வரியைக் குறித்துவைத்து, அதனை ஒரு நாள் முழுதும் நெஞ்சில் சுமந்து நடந்து பார்க்க நமக்கும் தடையில்லை.