பரண்ல கிடந்த 14 இன்ச் டிவி

நேத்து மழை, கழனி வேலை இல்ல. பரணை ஒழிச்சப்ப பழைய 14 இன்ச் டிவி கைக்கு வந்துச்சு. அதான் எங்க ஊர் டிவி கதையை எழுதறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. முசரவாக்கத்துல நான் முதல்ல டிவி பாத்தது 1984ல, இந்திரா காந்தி இறுதி ஊர்வலம். கருப்பு வெள்ளைப் பெட்டி. ஒருத்தர் மாடியில ஆன்டெனாவைத் திருப்புவார், கீழ நாங்க "தெரியுது, தெரியுது... போச்சு"ன்னு கத்துவோம். பாதி நேரம் வெறும் புள்ளிதான்.

1982லயே நாட்டுக்குக் கலர் டிவி வந்தாச்சு. எங்க வீட்டுக்கு வந்தது 2006ல அரசு தொடங்கின இலவசத் திட்டத்துலதான். அந்தப் பெட்டிதான் இது.

2019ல அத்தி வரதர் எழுந்தருளினார். ஜூலை 1ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். அம்மா 1979ல கூட்டத்தோட போய்ப் பாத்தவங்க. இந்த முறை முட்டி வலி, நிக்க முடியாது. டிவியிலயாவது பாக்கட்டும்னு பையன் 32 இன்ச் எல்.இ.டி. வாங்கினான். போட்டதும் அம்மா, "என்னடா பெருமாள் இப்படி ஊதிட்டாரு?"ன்னாங்க. எனக்குச் சங்கடமாப் போச்சு.

விஷயம் இதுதான். பழைய படம் 4க்கு 3 அளவு, புது டிவி 16க்கு 9. இழுத்துக் காட்டுது. தெளிவும் இல்ல. எச்.டி.ன்னா டிவி, பெட்டி, சேனல் மூணும் எச்.டி.யா இருக்கணும். எங்ககிட்ட டிவி மட்டும்தான். சாதா படத்துல 720க்கு 576 புள்ளி, முழு எச்.டி.யில 1920க்கு 1080. அஞ்சு மடங்கு. பட்டுல இழை நெருக்கமா இருந்தாத்தானே புட்டா தெளிவா விழும்? அதே கணக்குதான். அந்த வருஷம் வந்த புது கட்டண முறையில ஒரு எச்.டி. சேனலை ரெண்டு சாதா சேனலாக் கணக்குப் பண்ணாங்க. நம்ம மாதிரி வீட்டுல யோசிக்கணும்.

கேபிள்காரத் தம்பி ரிமோட்ல பட அளவை மாத்தினான். ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை, நடுவுல பெருமாள் சரியா நின்னார். "இப்பதான்டா நான் பாத்தவரு"ன்னு அம்மா கை கூப்பினாங்க.

ரெண்டு வருஷத்துல அம்மா போயிட்டாங்க. எச்.டி. பெட்டி அப்புறம்தான் வந்துச்சு.

உங்க வீட்டுலயும் முகம் ஊதித் தெரிஞ்சா முதல்ல பட அளவை மாத்திப் பாருங்க. காசு செலவில்ல. பழைய டிவியைத் துடைச்சு மறுபடி பரண்லயே வச்சுட்டேன்.