சங்கரன்கோவிலில் நிழல் காணாமல் போகும் 2 நாட்கள்: ஒரு கிராஃப் போட்டால் புரியும் சூரியக் கணக்கு!

மதியம் 12 மணி ஆனா சூரியன் உச்சந்தலைக்கு மேல வந்துடும்னு நாம எல்லாரும் சொல்வோம். உண்மை அது இல்லை. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு 2 நாட்கள்தான். அன்று செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. இதற்குப் பெயர் 'நிழலில்லா நாள்'.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் இது ஏப்ரல் 13 அல்லது 14, ஆகஸ்ட் 29 அல்லது 30 தேதிகளில் வரும்.

நேரம் 12 மணியா?

இல்லை, சுமார் 12.20. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சங்கரன்கோவில் அதிலிருந்து 5 டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் தாமதம்.

குச்சியும் கிராஃப் தாளும்

மொட்டை மாடியில் 1 மீட்டர் குச்சியை நேராக நட்டு, உச்சிப்பொழுது நிழலை அளந்தால் கணக்குப்படி கிடைப்பது:

* மார்ச் 21: வடக்கே 16 செ.மீ.
* ஏப்ரல் 13: பூஜ்ஜியம்
* ஜூன் 21: தெற்கே 25 செ.மீ.
* ஆகஸ்ட் 29: பூஜ்ஜியம்
* டிசம்பர் 21: வடக்கே 64 செ.மீ.

பட்டியலாகப் பார்த்தால் இவை வெறும் எண்கள். தேதியைப் படுக்கையாகவும் நிழலை நெடுக்காகவும் வைத்து, வடக்கு நிழலைக் கோட்டுக்கு மேலே, தெற்கு நிழலைக் கீழே குறிச்சுப் பாருங்க. ஒரு அலை தெரியும்.

அலை என்ன சொல்கிறது?

ஏப்ரலில் கோடு செங்குத்தாக இறங்கும். நிழல் தினமும் அரை செ.மீ.க்கு மேல் மாறுவதால்தான் நிழலில்லா நாள் சட்டென்று கடந்துவிடுகிறது. ஜூன் 21-ஐ ஒட்டிப் பல நாட்கள் கோடு கிட்டத்தட்ட அசையாது.

இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அதனால ஆடித்தபசு அன்று உச்சிப்பொழுதில் தேரடியில் நிற்பவரின் நிழல் தெற்கே விழும்!

இன்னொரு விஷயம். அலையின் இரு முனைகளையும் கோணமாக மாற்றினால் 32.6 டிகிரி, 14.3 டிகிரி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சுமார் 23.4. அதுதான் பூமியின் அச்சு சாய்வு! கழித்துப் பாதியாக்கினால் சுமார் 9.2, அது சங்கரன்கோவிலின் அட்சரேகை. பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் எண்ணை, குச்சி ஒன்றை வைத்துத் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

மேப்பில் பார்த்தால்?

கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் தொடங்கும் நிழலில்லா நாள், வடக்கே நகர்ந்து ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்கு வரும். கடகரேகைக்கு வடக்கே உள்ள டெல்லிக்கு இது வரவே வராது.

கவனம்

சூரியனை நேராகப் பார்க்காதீங்க. தரையில் நிழலை மட்டும் பாருங்க. மேகம் மறைத்தாலும் கவலை வேண்டாம், முந்தைய, அடுத்த நாட்களிலும் நிழல் ஒரு செ.மீ.க்குள்தான் இருக்கும்.