நோய்க்கும் தாய்மொழி உண்டு

“தாய்மொழி படித்து என்ன பயன்?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் வழக்கமாக இலக்கியத்தையும் பண்பாட்டையும் பற்றியே பேசுவேன். ஆப்பிரிக்காவில் நடந்த மனநல ஆய்வுகளின் வரலாற்றை வாசித்த பின்னர், அக்கேள்விக்கு வேறொரு விடையும் உண்டென உணர்ந்தேன். அதனை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1953ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கரின் மனத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டது. எழுதியவர், கென்யாவின் நைரோபி நகரிலிருந்த மனநல மருத்துவமனையில் பணியாற்றிய கரோதர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். ஆப்பிரிக்கர் தம் மூளையின் முன்பகுதியைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்றும், அவர்களிடையே மனச்சோர்வு நோய் அரிது என்றும் அவர் கருதினார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் கணக்கே அவருக்குப் பெரும் சான்றாக இருந்தது. பிறருக்குத் தொல்லை தராமல் வீட்டு மூலையில் அமர்ந்து வாடுவோரை அக்காலத்தில் மருத்துவமனைக்கு யார் அழைத்து வருவர்? வராதவர்களை எண்ணாமலேயே, நோய் இல்லை என்ற முடிவு எழுதப்பட்டது. உலக நிறுவனம் ஒன்றின் முத்திரையோடு வந்ததால் அம்முடிவு அறிவியலாகவும் மதிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஆப்பிரிக்காவின் மறுகரையில் வேறொரு முயற்சி தொடங்கியது. நைஜீரியாவின் அபியோகுட்டா நகரில் 1923இல் பிறந்தவர் தாமஸ் அடியோயே லாம்போ. யொரூபா இனத்தவர். பர்மிங்காமில் மருத்துவமும் இலண்டனில் மனநல மருத்துவமும் பயின்று தாயகம் திரும்பினார். 1954இல் தம் ஊருக்கு அருகிலுள்ள ஆரோ மருத்துவமனையைச் சூழ்ந்திருந்த சிற்றூர்களையே சிகிச்சைக் களமாக்கினார். நோயாளிகள் ஊரார் வீடுகளில் தங்கினர். உறவினர் ஒருவரேனும் உடனிருந்து சமைத்துக் கொடுத்துக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பகலில் மருத்துவமனைக்குச் சென்று நவீன சிகிச்சை பெற்று, மாலையில் ஊருக்குத் திரும்பினர். மரபு வைத்தியர்களையும் லாம்போ உடன் சேர்த்துக்கொண்டார். நோயாளி தன் துன்பத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதே காரணம். மருந்தை அவர் கைவிடவில்லை. மருந்து உண்பவனின் வாழ்க்கையையும் கைவிடவில்லை.

பின்னர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லெய்ட்டனும் லாம்போவும் இணைந்து யொரூபா மக்களிடையே ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 1963இல் நூலாக வெளிவந்தன. ‘மனச்சோர்வு’ என்ற தனி நோய்க்கருத்து யொரூபா மக்களிடம் இல்லை என்பதை ஆய்வாளர் கண்டனர். ஆயினும் உயிர்ச்சத்து வற்றிப் போதல், ஓயாத அழுகை, பெருங்கவலை, பசியின்மை, வாழ்வில் பிடிப்பின்மை ஆகிய ஒவ்வொன்றையும் மக்கள் நன்கறிந்திருந்தனர். அவ்வாறு பிரித்துக் கேட்டபோது, அரிது எனப்பட்ட நோயின் அறிகுறிகள் அங்கே பரவலாக இருப்பது தெரிந்தது. நோய் அங்கேயேதான் இருந்தது. அதனைக் கேட்கும் சொற்கள்தாம் ஆய்வாளரிடம் இல்லாதிருந்தன. லாம்போ பின்னாளில், தாம் மறுத்த அந்நூலை வெளியிட்ட அதே உலகச் சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார் என்பது வரலாற்றின் இனிய திருப்பம்.

இந்தப் பாடம் தென்னாப்பிரிக்கப் பகுதியில் உள்ள ஜிம்பாப்வேயில் மேலும் வளர்ந்தது. அங்குள்ள ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்றொரு சொல் உண்டு. ‘அளவுக்கு மீறி எண்ணுதல்’ என்பது அதன் பொருள். 1990களில் தலைநகர் ஹராரேயில் பணியாற்றிய இந்திய மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவர்தம் குழுவினரும், நோயாளிகள் தம் துயரைச் சொல்லும் தொடர்களைத் திரட்டி 14 வினாக்கள் கொண்ட ஷோனா வினாநிரலை உருவாக்கினர். பிறமொழி வினாக்களை அப்படியே பெயர்த்துக் கேட்கும் வழக்கத்திற்கு அஃது ஒரு மாற்றாக அமைந்தது.

2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சமூகச் சுகாதார ஊழியர்களான 14 மூதாட்டியருக்குப் பயிற்சி அளித்தார். மருந்தகத்திற்கு வெளியே மரத்தடியில் ஓர் இருக்கை. அதில் பாட்டி அமர்ந்து, வருபவரின் கதையைக் கேட்டு, சிக்கலைத் தீர்க்கும் வழியை அவரே காண உதவுவார். மனநல இருக்கை என்று பெயரிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அறிவுரை கூறியவர்களும் அப்பாட்டிமார்களே. ‘நட்பு இருக்கை’ என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. 24 மருந்தகங்களில் 573 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான கவனிப்பைப் பெற்றோருள் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. இருக்கையில் அமர்ந்து பேசியோருள் அது ஏறத்தாழ 14 விழுக்காடே.

கரோதர்ஸ் ஆப்பிரிக்கரின் பண்பாட்டை ஒரு குறையாகக் கண்டார். லாம்போவும் ஹராரேயின் பாட்டிமார்களும் அதனையே ஆய்வுக் கருவியாகவும் மருந்தாகவும் ஆக்கினர். இடையில் கழிந்த காலத்தில், இல்லை எனப்பட்ட நோயோடு எத்தனை பேர் தனித்து வாடியிருப்பர் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இனி, தாய்மொழியின் பயன் என்னவென்று யாரேனும் கேட்டால் இதனையும் சேர்த்துச் சொல்வேன். நம் பிள்ளைகள் நாளை மருத்துவராகலாம், தாதியராகலாம், ஆய்வாளராகலாம். “நெஞ்சு அடைக்குது, மனசு சரியில்ல” என்று ஒரு மூதாட்டி அவர்களிடம் சொல்லும் நாள் வரும். அன்று அச்சொற்களின் முழுப் பொருளும் அவர்களுக்கு விளங்க வேண்டும். அதற்கு முன்னரே, வகுப்பில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் பிள்ளை தன் மொழியில் ஏதேனும் சொன்னால், நாம் சற்று நின்று கேட்போம்.